பித்தப்பையில் கல் பிறக்கும் விதம்

(ஜமாஅத் நலவாழ்வு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

குர்பானி நாட்களில் ஆட்டின் ஈரலை எடுக்கும் காட்சியை நம்மில் காணாதவர் இலர். ஈரலின் அடியில் ஒட்டியிருக்கும் கரும்பச்சை நிறச் சிறு பை ஒன்றைக் கறி வெட்டுபவர் மிகுந்த கவனத்துடன் அகற்றுவார். அது உடைந்துவிட்டால் ஈரல் முழுவதும் கசந்துவிடும்; எத்தனை முறை கழுவினாலும் அக்கசப்பு எளிதில் போகாது. அந்தப் பையே பித்தப்பை. ஒட்டகத்திற்கும் குதிரைக்கும் பித்தப்பை இல்லை. ஆட்டிற்கும் மாட்டிற்கும் உண்டு, மனிதருக்கும் உண்டு. நம் வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே, கல்லீரலை ஒட்டி, சிறிய கத்தரிக்காய் அளவில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. அதில் கல் உண்டாவது ஏன், அதைத் தடுக்க நாம் செய்யக்கூடியது யாது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நம் உறவில் ஒரு பெண்மணி. வயது ஐம்பதை நெருங்கியவர். ஒவ்வொரு திருமண விருந்துக்குப் பின்னும் நள்ளிரவில் வயிற்றின் மேற்பகுதியில் வலி என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். வலி முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும். இரண்டு மணி நேரம் கழித்துத் தானே அடங்கும். "வாயு" என்றோம் நாம். ஓமத் தண்ணீர் கொடுத்தோம், சோடா வாங்கிக் கொடுத்தோம், மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை கொடுத்தோம். இவ்வாறே இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒருநாள் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டது. மறுநாள் கண்கள் மஞ்சளாயின. பித்தப்பையில் இருந்த கல் ஒன்று நழுவிப் பித்த நாளத்தை அடைத்துவிட்டது என்றார்கள். பல நாட்கள் மருத்துவமனையில் கிடந்து, இறையருளால் பிழைத்தெழுந்தார். "இரண்டு ஆண்டுகளில் ஒரு ஸ்கேன் கூட எடுத்துப் பார்க்கவில்லையா?" என்று மருத்துவர் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை. அவர் வலியை மறைக்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் வாயு என்று தீர்ப்பளித்தவர்கள் நாம்தாம். அந்தத் தவறு இன்னொரு வீட்டில் நிகழலாகாது என்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

கல்லிலிருந்து கிடைத்த பெயர்

கொலஸ்ட்ரால் என்ற சொல் இன்று சிறுவருக்கும் தெரியும். இரத்தத்தில் கூடினால் மாரடைப்பு வரும் என்று அஞ்சுகிறோம். ஆனால் அப்பொருளை மனிதன் முதன்முதலில் அறிந்தது இரத்தத்தில் அன்று, பித்தப்பைக் கல்லில்தான். 18ஆம் நூற்றாண்டில் புலெத்தியே தெ லா சால் என்ற பிரெஞ்சு அறிஞர் பித்தப்பைக் கற்களிலிருந்து மெழுகு போன்ற ஒரு வெண்பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னர் 1815-16 வாக்கில் மிஷேல் எழேன் ஷெவ்ரெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதற்குப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'கோலே' என்றால் பித்தம். 'ஸ்டெரியோஸ்' என்றால் திண்மம். இரண்டையும் சேர்த்து 'கொலஸ்டெரின்' என்றார். அதுவே நாளடைவில் கொலஸ்ட்ரால் ஆயிற்று. ஆங்கிலேயர் கைப்பற்றி வைத்திருந்த நம் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்ததும் அதே 1816ஆம் ஆண்டில்தான். ஆக, 'பித்தத்தில் உறைந்த பொருள்' என்பதே கொலஸ்ட்ரால் என்னும் பெயரின் பொருள். நோயின் வரலாறு முழுவதும் அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

வெளியேறும் வழி ஒன்றே

நாம் உண்ணும் சோறு உடலில் எரிந்து சக்தியாகிறது. எண்ணெயும் நெய்யும் அவ்வாறே எரிகின்றன. ஆனால் கொலஸ்ட்ராலை எரிக்க நம் உடலால் இயலாது. அதன் வளையமான கட்டமைப்பை உடைக்கும் ஆற்றல் மனித உடலுக்கு அளிக்கப்படவில்லை. அது வேண்டாத பொருளும் அன்று. உடலின் ஒவ்வொரு உயிரணுவின் சுவருக்கும் அது வேண்டும்; பல ஹார்மோன்களுக்கு அதுவே மூலப்பொருள். உணவில் நாம் ஒரு துளி கொலஸ்ட்ரால் உண்ணாவிட்டாலும் கல்லீரலும் பிற உறுப்புகளும் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். அவ்வாறாயின் மிகுதியானது எங்கே செல்லும்? கல்லீரல் அதைப் பித்தத்தின் வழியாகவே வெளியேற்றியாக வேண்டும். உடலிலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேறப் பெருவழி இதுவே.

கல்லீரல் இப்பணியை இரு வகையில் செய்கிறது. ஒரு பகுதியைக் கொலஸ்ட்ராலாகவே பித்தத்தில் விடுகிறது. மற்றொரு பகுதியைப் பல படிகளில் மாற்றிப் 'பித்த அமிலம்' ஆக்கி அனுப்புகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை கிராம் கொலஸ்ட்ரால் இவ்வாறு பித்த அமிலமாக மாறுகிறது. இம்மாற்றத்தின் முதற்படியைச் செய்யும் நொதியே மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது. பித்த அமிலங்களின் அமைப்பை ஆராய்ந்த ஹைன்ரிக் வீலாண்டுக்கு 1927ஆம் ஆண்டிற்கான நோபல் பரிசும், கொலஸ்ட்ரால் வகைப் பொருள்களை ஆராய்ந்த அடால்ஃப் விண்டாவுஸுக்கு 1928ஆம் ஆண்டிற்கான நோபல் பரிசும் வழங்கப்பட்டன. இருவரும் ஜெர்மானியர். இவ்விரு பொருள்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது அவ்வாராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

சோப்பின் வேலை செய்யும் பித்த அமிலம்

பிரியாணி உண்ட தட்டை வெறும் தண்ணீரில் கழுவினால் நெய்ப்பிசுக்கு போவதில்லை. சோப்போ சீயக்காயோ சேர்த்தால் பிசுக்கு கரைந்து நீரோடு ஓடிவிடுகிறது. பித்த அமிலமும் அத்தகையதே. அதன் ஒரு பக்கம் நீரை விரும்பும். மறுபக்கம் கொழுப்பை விரும்பும். குடலில் நாம் உண்ட கொழுப்பைக் கரைத்துச் செரிக்கச் செய்வது அதன் ஒரு பணி. பித்தப்பைக்குள்ளேயே கொலஸ்ட்ராலைக் கரைத்து வைத்திருப்பது மற்றொரு பணி. கொலஸ்ட்ரால் நீரில் சிறிதும் கரையாத பொருள். பித்த அமிலமும், லெசித்தின் என்ற மற்றொரு கொழுப்புப் பொருளும் சேர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டு மிக நுண்ணிய உருண்டைகளாக்கி நீரில் மிதக்க விடுகின்றன. பித்தத்தில் கரைந்துள்ள திடப்பொருள்களில் மூன்றில் இரு பங்கு பித்த அமில உப்புகள். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் லெசித்தின். கொலஸ்ட்ரால் நூற்றுக்கு நான்கு அளவே.

பித்த அமிலத்தை உடல் வீணாக்குவதில்லை. உணவு வந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைச் சிறுகுடலில் கொட்டுகிறது. வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு பித்த அமிலத்தை உறிஞ்சி, இரத்தத்தின் வழியே கல்லீரலுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உடலில் உள்ள மொத்தப் பித்த அமிலம் இரண்டு முதல் நான்கு கிராம் மட்டுமே. அச்சிறு முதலே நாளொன்றுக்கு ஆறு முதல் பத்து முறை சுழன்று வருகிறது. மலத்தில் போகும் சிறு அளவை மட்டும் கல்லீரல் புதிதாகச் செய்து ஈடுகட்டுகிறது. சிறு முதலை வைத்துக்கொண்டு பெரிய வாணிபம் நடத்தும் கெட்டிக்கார வணிகரைப் போன்றது நம் உடல்.

சமநிலை குலையும்போது

1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அட்மிராண்ட், ஸ்மால் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று பக்கமுள்ள ஒரு வரைபடத்தை வெளியிட்டனர். பித்த அமிலம், லெசித்தின், கொலஸ்ட்ரால் ஆகிய மூன்றும் எந்த விகிதத்தில் இருந்தால் கொலஸ்ட்ரால் கரைந்திருக்கும், எந்த எல்லையைத் தாண்டினால் படிகமாகப் பிரியும் என்பதை அப்படம் காட்டியது. பித்தப்பைக் கல் என்பது கொலஸ்ட்ராலின் மொத்த அளவைப் பற்றிய விவகாரம் அன்று. மூன்றின் விகிதத்தைப் பற்றிய விவகாரம் என்பது அன்று விளங்கிற்று. சர்க்கரைப் பாகை அளவுக்கு மீறிக் காய்ச்சி ஆறவிட்டால் கற்கண்டு விழுவதைப் போன்றதே இது.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வது நலம். இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் சரியாக இருப்பவருக்குக் கல் வராது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. இரத்தத்தின் மொத்தக் கொலஸ்ட்ராலுக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் நேரடியான உறுதித் தொடர்பு காணப்படவில்லை. டிரைகிளிசரைடு கூடியிருப்பது, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். குறைந்திருப்பது, உடற்பருமன், நீரிழிவு ஆகியவற்றோடுதான் தொடர்பு வலுவாக உள்ளது.

விகிதம் குலைந்தால் மட்டும் கல் உண்டாகிவிடாது. இன்னும் இரண்டு காரணங்கள் கூட வேண்டும். முதலாவது, படிகங்கள் ஒட்டிக்கொள்ள ஒரு பசை. பித்தப்பையின் உட்சுவர் சுரக்கும் கோழைப் பொருள் அப்பசையாகிறது. இரண்டாவது, தேக்கம். கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தம் சுரக்கிறது. முப்பது முதல் ஐம்பது மில்லி மட்டுமே கொள்ளும் பித்தப்பை அதிலுள்ள நீரை உறிஞ்சி, பல மடங்கு கெட்டியாக்கிச் சேமிக்கிறது. வேளைக்கு வேளை அது சுருங்கிக் காலியானால் உண்டாகும் நுண்படிகங்களும் அடித்துச் செல்லப்படும். காலியாகாமல் தேங்கி நின்றால், வாய்க்காலின் அடியில் வண்டல் படிவதைப் போலச் சேறு படியும். அந்தச் சேறே நாளடைவில் கல்லாகிறது.

பெண்களுக்கு இந்நோய் மிகுதியாக வருவதன் காரணமும் இதில் அடங்கியுள்ளது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கொலஸ்ட்ராலைப் பித்தத்தில் கூடுதலாக விடச் செய்கிறது. கர்ப்ப காலத்தில் மிகும் புரோஜெஸ்டிரோன் பித்தப்பையின் சுருக்கத்தை மந்தமாக்குகிறது. ஆகவே பல பிள்ளைகள் பெற்ற தாய்மாருக்கு ஆபத்து கூடுகிறது. பரம்பரையும் ஒரு காரணமே. கொலஸ்ட்ராலைப் பித்தத்திற்குள் தள்ளும் புரதம் ஒன்றின் மரபணு மாற்றம் கல் நோய்க்கு வழிசெய்கிறது என்பது 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் கண்டறியப்பட்டது. தாய்க்குக் கல் இருந்தால் மகள் விழிப்புடன் இருக்க வேண்டும்.

வடக்கும் தெற்கும்

நம் நாட்டில் இந்நோய் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. 1968ஆம் ஆண்டில் மல்ஹோத்ரா என்ற மருத்துவர் இரயில்வே ஊழியர்களிடையே நடத்திய ஆய்வில், தென்னிந்தியாவைவிட வட இந்தியாவில் பித்தப்பைக் கல் ஏழு மடங்கு மிகுதியாக இருப்பதைக் காட்டினார். டாக்டர் முகம்மது சுல்தான் குரூ காஷ்மீரில் ஸ்கேன் கருவியைக் கொண்டு வயதுவந்தோரைப் பரிசோதித்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களில் நூற்றுக்கு 9.6 பேருக்கும், ஆண்களில் நூற்றுக்கு 3.07 பேருக்கும் பித்தப்பைக் கல் நோய் இருந்தது தெரியவந்தது. கற்களின் தன்மையிலும் வேற்றுமை உண்டு. வடக்கே பெரும்பான்மை கொலஸ்ட்ரால் கற்கள். தெற்கே, சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஜெயந்தி முதலானோர் 1990களில் ஆராய்ந்தது முதலாக, நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசமாக இருப்பது எடுத்துக்காட்டப்பட்டுள்ளது.

நிறமிக் கல் என்பது யாது? இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து உறைவதே அது. தலசீமியா போன்ற இரத்தச் சிதைவு நோயுள்ளவர்களுக்கு இளவயதிலேயே இது வரும். நம் ஊர்ப் பாட்டிமார் குழந்தைகளுக்கு உரசிக் கொடுக்கும் கோரோசனை என்பதும் மாட்டின் பித்தப்பையிலிருந்து எடுத்த கல்லே என்பதைப் பலர் அறியார்.

தெற்கே கொலஸ்ட்ரால் கல் குறைவு என்பதால் நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கலப்புக் கல்லிலும் கொலஸ்ட்ரால் உண்டு. நடை குறைந்து, உடல் பருத்து, நீரிழிவு மலிந்துவிட்ட நம் இன்றைய வாழ்வு, கொலஸ்ட்ரால் கல்லுக்கு வழிவிடும் வாழ்வேயாகும்.

நம் வீட்டு உணவுமுறை

கொழுப்பு உண்பதால் மட்டுமே கல் வருகிறது என்று நாம் எண்ணுகிறோம். எப்போது உண்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். பிரான்சில் பெண்களிடையே நடத்தப்பெற்று 1981இல் வெளியான ஓர் ஆய்வு, கல் உள்ள பெண்கள் இரவு உணவுக்கும் மறுநாள் முதல் உணவுக்கும் இடையே நீண்ட நேரம் வெறும் வயிற்றுடன் இருந்ததைக் காட்டியது. உணவு வராதபோது பித்தப்பை சுருங்குவதில்லை, பித்தம் தேங்குகிறது. பித்த அமிலத்தின் சுழற்சியும் குறைகிறது.

இப்போது நம் வீடுகளை நினைத்துப் பார்ப்போம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கணவரைக் கடைக்கு அனுப்பி, மாமியாருக்குப் பரிமாறி, பாத்திரம் கழுவிய பிறகு பதினொரு மணிக்கு முதல் கவளம் உண்ணும் தாய்மார்கள் எத்தனை பேர்? அதுவரை இரண்டு தேநீர் மட்டுமே. இரவிலும் எல்லோருக்கும் கடைசியாகவே அவர்கள் உண்கிறார்கள். சில நாட்களில் உண்ணாமலே படுத்துவிடுகிறார்கள். இதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அவர்களின் பித்தப்பைக்கு அது பட்டினி. ஆகவே இல்லத்தரசியைக் காலை எட்டு மணிக்கு உடன் அமரச் செய்து உண்ண வைப்பது ஆண்களாகிய நம் பொறுப்பு என்று இங்கே வலியுறுத்திச் சொல்கிறோம்.

எடை குறைக்கிறேன் என்று இளைஞர்கள் ஒரேயடியாகப் பட்டினி கிடப்பதும் கேடு. வாரத்திற்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை குறைந்தால் கல் உண்டாகும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. உடலின் கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதிலுள்ள கொலஸ்ட்ரால் பித்தத்தில் வந்து குவிகிறது. பித்தப்பையோ சுருங்க உணவின்றிச் சோம்பிக் கிடக்கிறது. எடையைக் குறைக்க வேண்டும். மெல்லக் குறைக்க வேண்டும். எண்ணெயை முற்றிலும் விலக்குவதும் வேண்டா. சிறிதளவு கொழுப்பு உணவில் இருந்தால்தான் பித்தப்பை நன்கு சுருங்கிக் காலியாகும்.

மலச்சிக்கலும் இதில் பங்கு கொள்கிறது. குடலில் மலம் தங்கினால் அங்குள்ள பாக்டீரியாக்கள் பித்த அமிலத்தை வேறொரு வகையாக மாற்றுகின்றன. அது மிகுந்தால் பித்தத்தில் கொலஸ்ட்ரால் கூடும். கீரை, காய்கறி, பயறு, கேழ்வரகு போன்ற நார்ச்சத்துள்ள உணவு இதற்குத் துணை செய்கிறது.

ரமலான் நோன்பைப் பற்றியும் ஒரு சொல். ஸஹர் உணவைத் தவிர்த்துவிட்டு நோன்பு வைப்பவர்கள் வெறும் வயிற்று நேரத்தை வீணாக நீட்டிக்கொள்கிறார்கள். நோன்பு திறக்கும்போது கஞ்சியோடு நிறுத்தாமல் சமோசாவும் வடையும் பஜ்ஜியும் ஒருசேர உண்பதால், பகல் முழுதும் நிறைந்து நின்ற பித்தப்பை வேகமாகச் சுருங்குகிறது. உள்ளே கல் இருந்தால் வாயில் அடைத்து வலி எழுகிறது. ஆகவே ஸஹர் உண்போம். கஞ்சியிலும் பேரீச்சம்பழத்திலும் தொடங்கி மெல்ல உண்போம். கல் இருந்து வலி கண்டவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

நெல்லியும் மஞ்சளும்

நம் பகுதியின் பெயரிலேயே நெல்லி இருக்கிறது. நெல்லிக்காயில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. இதற்கும் பித்தத்திற்கும் தொடர்பு உண்டா? உண்டு. மனிதரைப் போலவே கினிப்பன்றியாலும் வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்க முடியாது. அச்சத்துக் குறைந்த கினிப்பன்றிகளில் கொலஸ்ட்ரால் பித்த அமிலமாக மாறுவது தடைப்படுகிறது என்பதை ஸ்லோவாக்கிய அறிஞர் எமில் கின்டர் 1973இல் காட்டினார். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, இரத்தத்தில் வைட்டமின் சி கூடுதலாக இருந்த பெண்களிடம் பித்தப்பை நோய் குறைவாக இருந்ததைக் கண்டது. ஆண்களிடம் அத்தொடர்பு தெரியவில்லை.

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் நம் அஞ்சறைப் பெட்டியையே ஆராய்ச்சிக்கூடத்திற்குக் கொண்டுசென்றனர். கல் உண்டாக்கும் உணவைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, அதனுடன் மஞ்சளின் சாரமான குர்க்குமினையும் சேர்த்தபோது கல் உண்டாவது வெகுவாகக் குறைந்ததை 1990களின் தொடக்கத்தில் கண்டனர். பூண்டு, வெங்காயம், வெந்தயம் ஆகியவற்றிலும் அத்தகைய பலனை 2009இல் வெளியிட்டனர்.

எனினும் இவை சுண்டெலிகளிடம் கண்ட உண்மைகள் என்பதை மறத்தலாகாது. நெல்லியும் மஞ்சளும் நல்ல உணவுகள். ஏற்கெனவே உண்டாகிவிட்ட கல்லைக் கரைக்கும் மருந்துகள் அல்ல.

கல்லைக் கரைக்க முடியுமா?

சிறுநீரகக் கல்லுக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் வேற்றுமை தெரியாமல் வாழைத்தண்டுச் சாறு குடிப்போர் பலர். சிறுநீரகக் கல் பெரும்பாலும் சுண்ணாம்பு ஆக்சலேட். சிறுநீர்ப் பாதையில் இருப்பது. பித்தப்பைக் கல்லோ சிறுநீர் செல்லும் வழியிலேயே இல்லை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அது அடித்துச் செல்லப்படாது.

ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் இரவில் குடித்தால் மறுநாள் மலத்தில் கற்கள் விழும் என்றொரு செய்தி கைப்பேசிகளில் உலவுகிறது. பச்சை நிற உருண்டைகள் விழுவது உண்மையே. நியூசிலாந்து மருத்துவர்கள் அத்தகைய உருண்டைகளைச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டனர். அவற்றில் கொலஸ்ட்ராலும் இல்லை, பிலிருபினும் இல்லை. குடித்த எண்ணெயே குடலில் சோப்பாக உறைந்து வந்திருந்தது. கல் பித்தப்பையிலேயே பத்திரமாக இருக்க, நோயாளி குணமானதாக எண்ணிக் காலம் கடத்துவதே இதன் தீங்கு.

மருத்துவத்தில் கரைக்கும் மாத்திரை ஒன்று உண்டு. அதுவும் ஒரு பித்த அமிலமே. கரடியின் பித்தத்தில் முதலில் அறியப்பட்டது. அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் எனப்படும். இது கொலஸ்ட்ராலின் விகிதத்தைக் குறைத்துக் கல்லைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. ஆனால் சுண்ணாம்பு படியாத சிறு கொலஸ்ட்ரால் கல்லுக்கே பயன்படும். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை உண்ண வேண்டும். நிறுத்திய ஐந்தாண்டுகளுக்குள் பாதிப்பேருக்குக் கல் திரும்பவும் வருகிறது. நிறமிக் கல்லை இது கரைக்காது.

ஆகவே, வலி தரும் கல்லுக்கு உறுதியான சிகிச்சை பித்தப்பையை அகற்றுவதே. 1882ஆம் ஆண்டில் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் இதை முதன்முதலில் செய்தார். 1980களில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறை பிறந்தது. 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா அதை நம் நாட்டில் தொடங்கி வைத்தார். நம் புதுச்சேரியில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 1823இல் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. இத்தகைய நிறுவனம் அருகிலிருக்க, நாம் வாயு மாத்திரையோடு காலம் தள்ளுவது முறையன்று.

பித்தப்பை இல்லாமல் வாழ முடியுமா என்று அஞ்சுவோர் உண்டு. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை வெறும் சேமிப்புக் கிடங்கு. கிடங்கை எடுத்துவிட்டால் பித்தம் நேரே குடலுக்குச் சொட்டும். சிலருக்குச் சில காலம் மலம் இளகிப் போகலாம். பெரும்பாலோருக்கு அது சரியாகிவிடும்.

நாம் நினைவில் கொள்ள வேண்டியவை

1. கல் உள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேருக்கு எவ்விதத் தொல்லையும் இராது. வேறு காரணத்திற்காக எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தால் பதற வேண்டா. பொதுவாக அறுவை தேவைப்படாது. மருத்துவர் சொல்லும்படி நடக்கலாம்.

2. வயிற்றின் மேற்பகுதியிலோ வலது விலாவின் கீழோ அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவி, கொழுத்த உணவுக்குப் பின் மீண்டும் மீண்டும் வரும் வலியை வாயு என்று தள்ளிவிடக் கூடாது. வெறும் வயிற்றில் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒன்றே பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும்.

3. மாரடைப்பும் சிலருக்கு மேல்வயிற்று வலியாகவே தொடங்கும். வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சடைப்பு இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

4. வலியுடன் குளிர்க்காய்ச்சல், கண் மஞ்சளாதல், சிறுநீர் கடுமையாக நிறம் மாறுதல், மலம் வெளுத்தல், ஓயாத வாந்தி ஆகியவை கண்டால் அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கல் நாளத்தை அடைத்திருக்கலாம், கணையம் வீங்கியிருக்கலாம். காமாலை என்று வேர் அரைத்துக் குடித்துக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

5. வேளை தவறாமல் உண்போம்; காலை உணவைக் கைவிடாதிருப்போம்; நாள்தோறும் நடப்போம்; எடையை மெல்லக் குறைப்போம்.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். வீட்டில் ஒருவர் வலி என்று சொன்னால், குறிப்பாக நம் தாய்மார்களும் மனைவியரும் சொன்னால், தீர்ப்பளிப்பதற்கு முன் கேட்போம்: எங்கே வலிக்கிறது, எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது? இம்மூன்று கேள்விகளை நாம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருந்தால், நம் உறவுப் பெண்மணி அத்தனை நாள் மருத்துவமனையில் கிடந்திருக்க மாட்டார். இன்று அவர் நலமாக இருக்கிறார். காலை எட்டு மணிக்கு எல்லோருடனும் அமர்ந்து உண்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் அவ்வாறே நடக்கட்டும் என்று வேண்டி அமைகிறோம்.